முட்டைக்குள்ள இருக்குற கோலி சோடா

போன மாசம் ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. பொண்ணு பர்த்டேக்கு ஸ்டார்ட்டரா ஸ்டஃப்டு எக் பண்ணலாம்னு பிளான், நாமக்கல் பக்கம் சொந்தக்காரங்க கோழிப்பண்ணைல இருந்து அன்னிக்குக் காலைல எடுத்த முட்டை ஒரு அட்டை வந்திருக்கு, ஆஹா ஃப்ரெஷ்ஷுன்னு 30ஐயும் வேக வச்சு உரிச்சா ஓட்டோட வெள்ளைக்கருவும் சேர்ந்து பேந்துக்கிட்டு வந்து ஒவ்வொண்ணும் அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிடுச்சாம். "மளிகைக்கடை முட்டை வழுக்கிட்டு வருது, பண்ணை முட்டை ஏங்க இப்படி?"

முட்டை ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருந்ததால வந்த வினைங்க அது.

செய்முறை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். வேக வச்சு, நீளவாக்குல ரெண்டா வெட்டி, மஞ்சக்கருவ எடுத்து மயோனைஸ், கொஞ்சம் கடுகு பேஸ்ட், உப்பு, மிளகுத்தூள் போட்டு மசிச்சு, திரும்ப அந்தக் குழில வச்சு மேல மிளகாத்தூள் தூவுனா முடிஞ்சுது. (பைப்பிங் பேக்லாம் வேணாம், கழுவுன பால் கவர் ஓரத்த வெட்டிக்கிட்டா போதும்.) ஆனா இந்த ஐட்டத்துல அழகுதான் பாதி. குழம்புல போடுற முட்டை பிஞ்சிருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க, இதுல அப்படியே தெரியும்.

சரி, ஓட்டுக்கு வருவோம். உள்ள குஞ்சு வளந்தா மூச்சு விடணும்ல, அதுக்காக ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரக்கணக்குல இருக்கு. கோழி முட்டை போடுறப்ப வெள்ளைக்கருல கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும், நம்ம கோலி சோடா மாதிரியேதான். புது முட்டைய உடைச்சு ஊத்துனா வெள்ளைக்கரு லேசா பால் கலந்த மாதிரி கலங்கலா இருக்கும் பாருங்க, கெட்டுப்போச்சுன்னு சிலர் கொட்டிடுவாங்க, அது அந்த கேஸோட வேலைதான். மூடி தொறந்த சோடா மாதிரி நாளாக நாளாக துளை வழியா கேஸ் வெளிய போகப் போக வெள்ளைக்கரு தெளிஞ்சிடும்.

சோடா ஏன் லேசா புளிக்குது? கார்பானிக் அமிலம். கேஸ் போச்சுன்னா அமிலமும் போச்சு. புது முட்டை வெள்ளைக்கருவோட பிஎச் (அமிலம் எவ்ளோன்னு காட்டுற அளவு, நம்பர் ஏறுனா அமிலம் கம்மி) 7.6 கிட்ட, சில நாள்ல அது 9.2 வரைக்கும் ஏறிடும். 1.6தானேன்னு நினைக்காதீங்க, பிஎச் பத்து பத்து மடங்கா போற கணக்கு, அமிலத்தன்மையக் குடுக்குற ஹைட்ரஜன் அயனி கிட்டத்தட்ட 40 மடங்கு குறைஞ்சிருக்கு. நம்ம ஊர் வெயில்ல வெளிய வச்சா இது இன்னும் வேகமா நடக்கும். இப்ப இந்த வெள்ளைக்கருவ வேக வைக்கிறோம். பிஎச் கம்மியா இருந்தா புரதம் கெட்டியாகுறப்ப தன்னோட தான் ஒட்டுறத விட ஓட்டுக்கு உள்பக்கம் இருக்குற சவ்வோட இறுக்கமா ஒட்டிக்கும். சவ்வ இழுத்தா வெள்ளைக்கரு பிஞ்சுதான் வரும். 9ஐத் தாண்டிட்டா அந்தப் பிடி விட்டுப்போயிடும்.

அந்த சவ்வு பாவம். சில வருஷம் முன்னாடி வாட்ஸ்அப்புல பிளாஸ்டிக் முட்டை வீடியோ சுத்துச்சே, இதே சவ்வ உரிச்சுக் காட்டி "பாருங்க பிளாஸ்டிக் பேப்பர்"னாங்க. அது புரத நாருங்க, காயவச்சு நெருப்புல காட்டுனா முடி கருகுற நாத்தம் வரும். ஒரு முட்டைய உடைச்சுப் பாத்தாலே தெரியுற விஷயத்துக்கு எங்க தெருல ரெண்டு மாசம் முட்டையே வாங்காதவங்க இருக்காங்க.

நானே ஒரு அட்டை வாங்கி தினம் ரெண்டு ரெண்டா வேக வச்சுப் பாத்தேன் (வீட்டுல தினமும் முட்டைக் குழம்புதான், சண்டையும்தான்). முதல் ரெண்டு நாள் சீரழிவு, ஆறாம் நாள் ஓடு சட்டை கழட்டுற மாதிரி வந்துச்சு. அப்பாடான்னு வெட்டுனா மஞ்சக்கரு நடுவுல இல்ல! மொண்ணை முனைப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கு, அந்தப் பக்கம் சுவர் பேப்பர் கனம், மசாலா வச்சதும் கிழிஞ்சிடுச்சு.

எனக்கு இதுலதான் ரொம்ப சந்தோஷம், ஏன்னா ரெண்டுக்கும் காரணம் ஒரே கேஸ்தான். கார்பன் டை ஆக்சைடு போய் பிஎச் ஏறுனா கெட்டியான வெள்ளைக்கருவத் தாங்கிப் பிடிக்கிற புரத வலையும் தளர்ந்து நீர்த்துப் போகுது. மஞ்சக்கருல கொழுப்பு அதிகம், அதனால வெள்ளைக்கருவ விட கொஞ்சம் லேசு, பிடிமானம் போனதும் மெதுவா மேல மிதக்க ஆரம்பிக்கும், அட்டைல மொண்ணை முனை மேல பாத்துதானே இருக்கு. ஆக உரிக்க வசதியா இருந்தா மஞ்சக்கரு ஓடிடும், மஞ்சக்கரு நடுவுல நின்னா ஓடு விடாது. முதல் நாள் ராத்திரியே முட்டைய படுக்க வச்சுட்டு, வேக ஆரம்பிக்கிற முதல் ரெண்டு மூணு நிமிஷம் கரண்டியால மெல்ல உருட்டி விட்டா ஓரளவு நடுவுக்கு வந்துடும்.

பச்சத் தண்ணில போட்டு சூடாக்காதீங்க, கொதிக்கிற தண்ணில மெதுவா இறக்குங்க. மெல்ல மெல்ல சூடேறுனா புரதத்துக்கு சவ்வோட ஒட்ட நேரம் கிடைக்கும். உப்பு போட்டா ஓடு கழண்டு வரும்னு எங்க பெரியம்மா சத்தியம் பண்ணுவாங்க, அது விரிசல் விட்டா ஒழுகுற வெள்ளைக்கருவ சீக்கிரம் உறைய வச்சு அடைக்கும், அவ்ளோதான். 11, 12 நிமிஷத்துல எடுத்து ஐஸ் தண்ணில போடுங்க, இல்லன்னா வெள்ளைக்கருல இருந்து வர்ற ஹைட்ரஜன் சல்பைடு மஞ்சக்கருல இருக்குற இரும்போட சேர்ந்து பச்சை வளையம் போட்டுடும். விஷமெல்லாம் இல்ல, பாக்கத்தான் நல்லா இருக்காது.

முட்டை உரிக்கிறதுக்கு ஒரு ஆராய்ச்சியான்னு சிரிப்பாங்க. வெந்த முட்டை வெள்ளைக்கருவ ஓரளவு பழைய நிலைக்குத் திருப்புனதுக்கு 2015ல இக் நோபல் (முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்குற கிண்டல் விருது) குடுத்தாங்க, ஊரே சிரிச்சுது. மருந்துக்காக தயாரிக்கிற புரதம் தப்பா சுருண்டுக்கிட்டா அத சீக்கிரம் நேராக்குறதுக்கான வழி அது. நம்ம ஊர்ல இப்படி ஒரு தலைப்ப எழுதிக் குடுத்தா அந்த ஃபைல் முதல் டேபிளத் தாண்டாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அக்காட்ட இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறம் பண்ணைல இருந்து அடுத்த அட்டை வந்துச்சாம். மேல ஸ்கெட்ச்ல "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாது"ன்னு எழுதி ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்காங்க.