இமேஜ் எடுத்தீர்கள், மீட்டுப் பார்த்தீர்களா?

யாங்கோனின் பயின்னவுங் சந்தையில் உளுந்து, துவரை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பேக்கப் இருக்கு சயா, பயமில்லை" என்றார் (சயா என்றால் பர்மிய மொழியில் ஐயா மாதிரி). யாங்கோனில் கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு மாற்றுகிற இடைவெளியில் மெஷின் எத்தனை முறை திடீரென்று அணைந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

"பேக்கப் எங்கே இருக்கு அண்ணே?"

"டி டிரைவ்ல."

சியும் டியும் ஒரே டிஸ்க்கில் பிரித்த இரண்டு பார்ட்டிஷன்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். கணக்கில் பாதியைத்தான் என்னால் மீட்க முடிந்தது. மீதியைப் பில் புத்தகங்களை வைத்து அவருடைய மகள் இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி ஏற்றினாள். அதைப் பார்த்தபோது மனசு கஷ்டப்பட்டது.

ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மியான்மர் 2019 அக்டோபர் 1-இல் உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய கணக்கு மென்பொருள்கள் பல கடைகளில் இன்னும் அதோடு ஒத்துப்போகாத சோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில்தான் ஓடுகின்றன. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் ஃபைல் இருக்கும், எழுத்து குழம்பும், பிரிண்டர் அமைப்பும் போய்விடும். டிஸ்க் இமேஜ் என்பது விண்டோஸ், மென்பொருள், அமைப்புகள், ஃபைல்கள் என டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் ஒரே நகலாக எடுத்து வைப்பது. அதை இறக்கினால் இருந்தது இருந்தபடியே திரும்பும்.

நான் குளோன்சில்லா பயன்படுத்துகிறேன். தைவானில் உருவான இலவச மென்பொருள், யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகும். டிஸ்க் முழுவதையும் அல்ல, டேட்டா இருக்கும் பகுதிகளை மட்டும் படித்துச் சுருக்கிச் சேமிப்பதால் 500 ஜிபி டிஸ்க்கில் 120 ஜிபி இருந்தால் இமேஜ் அதைவிடச் சிறியதாகவே வரும். விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது, முழு பார்ட்டிஷனையும் அப்படியே எடுக்கும்.

சியை மட்டும் எடுக்காதீர்கள், முழு டிஸ்க்கையும் எடுங்கள். இப்போதைய விண்டோஸ் பூட் ஆவதற்கான ஃபைல்கள் பெரும்பாலும் வெறும் 100 எம்பி உள்ள ஒரு சின்ன ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டுப் புது டிஸ்க்கில் சியை இறக்கினால் திரை கறுப்பாகவே நிற்கும். இன்னொன்று, விண்டோஸ் சீக்கிரம் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், இமேஜ் எடுக்கும்போது தகராறு செய்யும். ரீஸ்டார்ட் கொடுத்து, அங்கிருந்து யூஎஸ்பிக்குப் போங்கள்.

மீட்கும்போதுதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கின் இமேஜை 480 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்கப் பார்த்தால், உள்ளே டேட்டா கொஞ்சமே இருந்தாலும் இலக்கு டிஸ்க் சிறியது என்று குளோன்சில்லா மறுத்துவிடும். அதைச் சரிக்கட்ட வழி உண்டு. ஆனால் அவசரத்தில் அதெல்லாம் வேண்டாம், அதே அளவோ பெரியதோ வாங்கி வையுங்கள். டிஸ்க்கைத் தேர்வு செய்யும்போது குளோன்சில்லா காட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பாதீர்கள், அவை மாறும். மாடலையும் அளவையும் பாருங்கள். தவறான டிஸ்க்கில் இறக்கினால் அதிலிருப்பது அழிந்துபோகும், அப்புறம் அழுது பயனில்லை.

எடுத்த இமேஜைச் சரிபார்க்கும் வசதி குளோன்சில்லாவிலேயே உண்டு, அதைத் தவிர்க்காதீர்கள். ஆனால் அது இமேஜ் படிக்கும்படி இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். கடை மெஷின் பூட் ஆகுமா, கணக்கு லெட்ஜர் திறக்குமா என்பதற்கு ஒரே வழி, அசல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு டிஸ்க்கில் இறக்கிப் பார்ப்பது.

அந்த அண்ணனுக்குப் புது டிஸ்க் போட்ட பிறகு அப்படித்தான் செய்தோம். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, யூபிஎஸ்ஸும் வைத்து இறக்கினேன். விண்டோஸ் வந்ததும் அவரே லெட்ஜரைத் திறந்து, இமேஜ் எடுத்த அன்று காலையில் போட்ட கடைசி பில்லைத் தேடினார். இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, பர்மிய எழுத்துகளை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். இமேஜ் இருந்த டிஸ்க்கின் மேல் மார்க்கரால் தேதி எழுதிக் கொடுத்தேன். கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்.