பட்டனை அமுக்கி எவ்ளோ நேரம் கழிச்சு சத்தம் வருது?

பட்டன் அமுக்கினா சத்தம் போடற லினக்ஸ் கருவில, சத்தம் அரை செகண்ட் லேட்டா வருதுன்னு கம்ப்ளைண்ட் வந்தா பெரும்பாலும் எல்லாரும் முதல்ல கை வைக்கிறது பஃபர் சைஸ்லதான், அதாவது பிளே ஆகுறதுக்கு முன்னாடி சத்தத்தோட டேட்டா சேந்து நிக்கிற இடம். 48000 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 48000 ஃபிரேம்ல, 9600 ஃபிரேம்னா 200 மில்லி செகண்ட், அதான் காரணம்னு முடிவே பண்ணிடுவாங்க. ஆனா ரெடியா இருக்குற ஃபைல பிளே பண்ணும்போது அந்த பஃபர் சட்டுனு நிரம்பிடும், 200 எல்லாம் ஆகாது. டேட்டா அப்பப்ப உருவாகி வந்தாதான் அங்க காத்திருக்கும்.

சமீபத்துல நான் பாத்த போர்டுலயும் இதேதான். முதல் தடவ அமுக்கினா லேட்டு, உடனே திரும்ப அமுக்கினா டக்குனு வருது. டெஸ்ட் பண்ணவங்க பட்டனை விடாம தட்டிப் பாத்துட்டு ஓகேன்னு அனுப்பிட்டாங்க. லினக்ஸோட சவுண்ட் சிஸ்டமான ஆல்சால பிளேபேக் நின்னப்புறம் கோடெக்க (டிஜிட்டல் டேட்டாவ சத்த சிக்னலா மாத்துற சிப்) ஆஃப் பண்றதுக்கு வழக்கமா 5000 மில்லி செகண்ட் காத்திருக்கும், அதுக்குள்ள திரும்ப பிளே பண்ணா கோடெக் இன்னும் முழிச்சுட்டுதான் இருக்கும், லேட் தெரியவே தெரியாது. அதனால ஒவ்வொரு தடவையும் பத்து செகண்டாவது விட்டுட்டு அமுக்கிப் பாருங்க, தயவுசெஞ்சு.

அப்புறம் ஆசிலோஸ்கோப்ப எடுத்து ஒரு சேனல பட்டன் பின்லயும் இன்னொன்ன ஸ்பீக்கர் முனையிலயும் வச்சேன், டிரைவர்ல எங்க எவ்ளோ நேரம் போகுதுன்னு பாக்க கெர்னலோட எஃப்டிரேஸ் டூல போட்டேன். கோடெக்க முழிக்க வைக்கிற இடத்துல 300 மில்லி செகண்ட் ஸ்லீப், பக்கத்துல ஒரு வரி கமெண்ட் கூட இல்ல. அத எடுத்துட்டேன், சத்தம் உடனே வந்துச்சு, கூடவே ஸ்பீக்கர்ல டப்புனு ஒரு பெரிய பாப். அந்த ஸ்லீப் சும்மா இல்லன்னு அப்பதான் புரிஞ்சது. கோடெக்கோட நடு வோல்டேஜ தாங்குற கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற நேரம் அது. பழைய போர்டுல 5 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட், பெருக்கினா 50 மில்லி செகண்ட், கிட்டத்தட்ட முழுசா ஏற அதுல அஞ்சு மடங்கு 250, அதுக்கு மேல கொஞ்சம் சேத்து 300ன்னு யாரோ போட்டிருக்காங்க, சரியான கணக்குதான். எங்க போர்டுல இருந்தது 2.2 மைக்ரோ, 55 போதும். 60 போட்டேன், பாப்பும் இல்ல.

மிச்ச லேட்டு கோடெக்கோட செட்டிங்ஸ் இருக்குற ரெஜிஸ்டருங்கள எழுதறதுல போச்சு. 200 ரெஜிஸ்டர், ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், கோடெக்குக்கு அத அனுப்புற ஐ2சி பஸ் 100 கிலோ ஹெர்ட்ஸ்ல ஓடினா அதுவே 55லருந்து 60 மில்லி செகண்ட் ஆகும், பஸ் தாங்கும்னா 400ல ஓட்டுங்க. இன்னொண்ணு, டிரைவர்ல மில்லி செகண்ட் கணக்குல தூங்க வைக்கிற சின்ன சின்ன எம்எஸ்லீப்புங்க (msleep), கெர்னல் டைமர் 100 ஹெர்ட்ஸ்ல இருந்தா 1 மில்லி செகண்ட் கேட்டாலும் 20 வரைக்கும் இழுத்துரும், அங்க யூஸ்லீப் ரேஞ்ச் (usleep_range) போடுங்க.

சத்தம் லேட்டா வர்றது வேற, சத்தத்தோட ஆரம்பம் வெட்டுப்படறது வேற, இத நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ஸ்பீக்கர ஓட்டுற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஆடியோ கிளாக் சிக்னல பாத்துதான் முழிக்கும்னு இருந்தா, மெமரில இருந்து டேட்டாவ தானா அனுப்புற டிஎம்ஏ ஓட ஆரம்பிச்சு சத்தம் கிளம்பிடும், ஆம்ப் இன்னும் மியூட்லயே இருக்கும். "இடது பக்கம் திரும்பவும்"னு சொல்ல வேண்டிய கருவி "பக்கம் திரும்பவும்"னு சொல்லும். அத நம்பி நடக்கிறவர் கண்ணு தெரியாதவரா இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க, எனக்கு அதுதான் ரொம்ப உறுத்துது. டேட்டாஷீட்ல ஆம்ப் முழிக்க எவ்ளோ நேரம் போட்டிருக்கோ அந்த அளவுக்கு முன்னாடி சைலன்ஸ் அனுப்புங்க, இல்ல கிளாக்க நிறுத்தாம விடுங்க. பேட்டரில ஓடற கருவின்னா ரெண்டாவது வழி சார்ஜ தின்னுரும், சைலன்ஸ்தான் சரி.

அந்த 60க்கு பக்கத்துல ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மதிப்பு ரெண்டையும் கமெண்டா எழுதிட்டுதான் பேட்ச் அனுப்பினேன், அடுத்த போர்டுல கெப்பாசிட்டர் மாறினா பாக்குறவங்களுக்கு கணக்கு கையில இருக்கும்.