டீச்சர், கை கடுக்குது

களியக்காவிளையில் என்னிடம் பியானோ படிக்க வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்கள். கீர்த்தனையை ஒருமுறை கேட்டால் போதும், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்துவிடுவார்கள். அந்தக் காது எல்லோருக்கும் வாய்க்காது. சிக்கல் தொடங்குவது பியானோ தேர்வின் மூன்றாம், நான்காம் கிரேடில்தான்.

போன மழைக்காலத்தில் பாறசாலைப் பக்கமிருந்து ஒரு அம்மா 13 வயது மகனை அழைத்து வந்தார். "தினம் ரெண்டு மணிக்கூர் வாசிக்கான் டீச்சர். கை கடுக்குதுன்னு சொல்லுகான். வலிச்சாதானே விரலுக்குப் பலம் வரும்?"

வராது. பையன் வாசித்தபோது தோள் காது வரை ஏறியிருந்தது, மணிக்கட்டு மரக்கட்டையாக நின்றது. பையில் செர்னியின் ஓபஸ் (படைப்பு எண்) 299, ஜெராக்ஸ் பிரதி. வேகத்துக்கென்றே எழுதப்பட்ட 40 பயிற்சிகள். செர்னி சாதாரண ஆளல்ல. பெத்தோவனிடம் படித்தவர், லிஸ்டுக்குப் பாடம் சொன்னவர். ஆனால் கை தளரக் கற்காத பிள்ளைக்கு, தாளம் தட்டும் மெட்ரோனோமோடு அதைக் கொடுத்தால், தினம் இரண்டு மணி நேரம் இறுக்கத்தைத்தான் அவன் சாதகம் செய்கிறான்.

ஹேனான் என்ற விரல் பயிற்சிகளை நான் சரளி வரிசையோடு ஒப்பிடுவேன். எட்யூட், அதாவது பயிற்சிக்கென்றே எழுதிய இசைத்துண்டு, வர்ணம் மாதிரி. விரலுக்கு வேலை இருக்கும், ராகத்தின் முகமும் தெரியும். வர்ணத்தை யாராவது பாவமில்லாமல் பாடினால் பாட்டு வாத்தியார் சும்மா இருப்பாரா? எட்யூட் என்றால் மட்டும் தட்டச்சு மாதிரி அடிக்க விட்டுவிடுகிறோம்.

செர்னியை மூடி வைத்துவிட்டு இசையமைப்பாளர் பர்க்முல்லரின் ஓபஸ் 100-ஐ எடுத்தேன். 25 சிறு எட்யூட்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இரண்டாவது 'அராபெஸ்க்'. வலது கையில் ஏ, பி, சி, பி என்று நான்கு சுரம் ஓடி, ஐந்தாவதாக மறுபடி ஏ-யில் நிற்கும். அந்த ஐந்தாவது சுரம்தான் பாடம். அங்கே மணிக்கட்டு மேலே எழும்பி, கை மூச்சு விட வேண்டும். பல பதிப்புகளில் வேகம் நிமிடத்துக்கு 152 தட்டு என்று போட்டிருக்கும். நாங்கள் 60-இல் ஆரம்பித்தோம். தோள் ஏறினால் வேகம் இறங்கும், அவ்வளவுதான் விதி. பத்து நிமிடம் வாசித்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும்.

இன்னொன்று. கீபோர்டில் இடது கை கார்டை அமுக்கிப் பிடித்தால் போதும், மிச்சத்தை கீபோர்டின் தானியங்கிப் பின்னணியான ஸ்டைல் பார்த்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடது கை தூங்கிப் போயிருக்கும். அராபெஸ்க்கின் நடுப்பகுதியில் ஓட்டம் முழுக்க இடது கைக்கு மாறும். அங்கே பையன் தடுமாறினான், இரண்டு வாரம் அதிலேயே நின்றோம். பிறகு முதல் பகுதிக்குத் திரும்பி, இடது கை கார்டுகளை மட்டும் மெல்ல வாசித்துக்கொண்டு, வலது கை மெட்டை வாயால் பாடச் சொன்னேன். பாடினால் எங்கே ஏறுகிறது, எங்கே தணிகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

கீபோர்டில் சுருதியைத் தானாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானுக்கும் தடை போட்டேன். வேறு சுருதியில் வேண்டுமென்றால் விரலால் மாற்றி வாசி மக்ளே என்றேன். முதல் நாள் முறைத்தான்.

பெற்றோரிடம் கேட்பது இரண்டுதான். வருடம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று பாட்டையே உருட்டச் சொல்லாதீர்கள். நடுவில் சின்ன எட்யூட்கள் நாலைந்தாவது வரட்டும். வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு மூடியை மூடிவிடுங்கள். ஓய்வெடுத்தும் வலி போகவில்லை, விரல் மரத்துப் போகிறது என்றால் என்னிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். (மழையில் மரம் ஊதிக் கட்டை எழும்பாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். என் வீட்டு பியானோவில் ஜூன் மாதம் இரண்டு கட்டைகள் சண்டித்தனம் செய்யும். பிள்ளை அதற்கும் சேர்த்து அழுத்திக்கொண்டிருப்பான்.)

இப்போது அவன் அதே புத்தகத்தின் 15-ஆவது எட்யூடில் இருக்கிறான், 'பல்லாட்'. வலது கை கார்டுகளைச் சன்னமாகத் தட்டிக்கொண்டிருக்க, இடது கை அடியில் பதுங்கிப் பதுங்கி வரும். போன வாரம் அவன் அம்மா போனில் கேட்டார். "பேய்ப்படம் மாதிரி என்னமோ வாசிக்கான். சரியாத்தான் வாசிக்கானா டீச்சர்?"

புத்தகத்திலும் மர்மமாக வாசிக்கவும் என்றுதான் போட்டிருக்கிறது.