பெரிய பாண்டூன் படகு: முதலில் டியூப், பிறகு இஞ்சின்

காற்றடைத்த அலுமினிய டியூப்களின்மேல் தட்டைத் தளம் போட்ட பாண்டூன் படகை மாற்றிப் பெரிதாக வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளரிடம் முதலில் கேட்பது "எத்தனை எச்பி போடலாம்?" என்றுதான். 60 எச்பியில் திணறும் படகு 150 எச்பியில் பறக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பறக்காது. மிதக்கும் டியூப் போதாத படகில் எச்பியைக் கூட்டினால் பெட்ரோல் செலவுதான் கூடும். முதலில் பார்க்க வேண்டியது டியூபின் விட்டமும் எண்ணிக்கையும்.

சிங்கப்பூருக்கு வடக்கே ஜோகூர் நீரிணையில் உள்ள மிதக்கும் மீன் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படகின் அடிப்படை உடனே புரியும். காற்றடைத்த பிளாஸ்டிக் பீப்பாய்கள் கீழே, பலகைத் தளம் மேலே. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாகக் கோத்து, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் இறக்கினார். இன்று பீப்பாய்க்குப் பதில் அலுமினிய டியூப். தத்துவம் மாறவில்லை: டியூப் எத்தனை கிலோ தண்ணீரை விலக்குகிறதோ அத்தனை கிலோவைத் தாங்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 23 அங்குல விட்டமும் 7 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு டியூபின் கொள்ளளவு ஏறத்தாழ 1.88 கன மீட்டர். கடல்நீர் கன மீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ. கூம்பு முனைகளுக்காக ஐந்து விழுக்காட்டைக் கழித்தால், இரண்டு டியூப்களும் முழுதாக மூழ்கும் நிலையில் தாங்குவது சுமார் 3,650 கிலோ. இனி சுமை. தளம், கம்பிவேலி, இருக்கைகள் சேர்ந்த வெற்றுப் படகு 1,100 கிலோ என்று வைப்போம். 115 எச்பி இஞ்சின் 165, நூறு லிட்டர் பெட்ரோல் 75, பத்துப் பேர் 750, ஐஸ் பெட்டி, குடிநீர், நங்கூரம், பேட்டரி, உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 2,240 கிலோ. அதாவது டியூபின் 61 விழுக்காடு தண்ணீருக்குள்ளே இருக்கும்.

இது அதிகம். நீர்மட்டம் டியூபின் நடுக்கோட்டை ஒட்டி நிற்பதே நல்லது. அந்த நிலையில் இந்தப் படகு ஒரு சென்டிமீட்டர் தாழ 84 கிலோ வேண்டும். ஒருவர் ஏறினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தாழும். நடுக்கோட்டைத் தாண்டியதும் டியூப் மேல்நோக்கிக் குறுகத் தொடங்கும். அதன்பின் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன்பைவிடக் கூடுதலாகத் தாழ்த்தும். அலை வந்தால் தாங்க மிச்சமிருக்கும் மிதப்பும் அதே வேகத்தில் கரையும்.

25 அங்குல டியூபுக்கு மாறினால் விட்டம் இரண்டே அங்குலம்தான் கூடுகிறது. ஆனால் கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 18 விழுக்காடு கூடிவிடும். டியூபின் கூடுதல் எடைக்கு 60 கிலோ சேர்த்தாலும் மேலே சொன்ன சுமைக்கு 53 விழுக்காடுதான் மூழ்கும். மூன்றாவது டியூபும் 150 எச்பி இஞ்சினும் சேர்ந்தால் மொத்த எடை 2,500 கிலோவை ஒட்டும். மூழ்குவதோ 39 விழுக்காடு. இருக்கையின் தையலையும் ஸ்பீக்கரின் எண்ணிக்கையையும் ஒப்பிடுவதற்கு முன்பு இந்த விழுக்காட்டைக் கணக்கிடுங்கள்.

அடுத்து வேகம். மெதுவாகப் போகும் எந்தப் படகும் தான் எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்ளும். 7 மீட்டர் நீளப் படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். பாண்டூன் டியூப் தன் அகலத்தைப்போல் 11 மடங்கு நீளம் கொண்டது. அதனால் எழுப்பும் அலை சிறியது, எல்லையைத் தாண்டுவதும் எளிது. அதன்பின் வேறொரு தடை வருகிறது. குழாய் நீரின் தாரையில் கரண்டியின் முதுகை லேசாகத் தொட வைத்துப் பாருங்கள். கரண்டி தாரைக்குள் இழுபடும். வளைந்த பரப்பை ஒட்டி நீர் வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைவதுதான் காரணம். உருண்டையான டியூபுக்கும் இதே கதி. வேகம் கூடக்கூட நீர் டியூபின் பக்கவாட்டில் ஒட்டி மேலேறி, அதைக் கீழே இழுக்கிறது.

இதை முறியடிப்பவை லிஃப்டிங் ஸ்ட்ரேக் எனப்படும் அலுமினியப் பட்டைகள். டியூபின் நெடுக, பக்கவாட்டில் ஆப்பு வடிவில் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். மேலேறும் நீரை அவை வெட்டிக் கீழ்நோக்கித் திருப்புகின்றன. அந்த எதிர்விசை படகைத் தூக்குகிறது. ஸ்ட்ரேக் இல்லாத இரட்டை டியூப் படகில் 150 எச்பி வீண் என்றே சொல்வேன். தளத்துக்கு அடியில் குறுக்குச் சட்டங்களை மூடும் அலுமினியத் தகடும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது இல்லாவிட்டால் தெறிக்கும் நீர் ஒவ்வொரு சட்டத்திலும் மோதி வேகத்தைத் தின்னும்.

மூன்றாவது டியூபின் அருமை வளைவில்தான் தெரியும். இரட்டை டியூப் படகு வேகமாகத் திரும்பும்போது தட்டையாகவோ வெளிப்புறம் சாய்ந்தோ திரும்பும். உட்கார்ந்திருப்பவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சிக்கொள்ள, இஞ்சின் அலறும், உந்துவிசை போய்விடும். நடு டியூப் மற்ற இரண்டையும்விடச் சற்றுத் தாழ்வாக இருக்கும் படகு உட்புறம் சாய்ந்து திரும்பும். புரொப்பெல்லரும் நீருக்குள் நிலைக்கும்.

இஞ்சினில் கவனிக்க வேண்டியது பொருத்தம். படகின் கொள்திறன் தகட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச எச்பியை மீறக் கூடாது. 60 எச்பி இஞ்சின் 115 கிலோவை ஒட்டி இருக்கும். 150 எச்பி 200 கிலோவைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடை முழுவதும் பின்முனையில் உட்காருவதால் பேட்டரியையும் ஐஸ் பெட்டியையும் முன்னே நகர்த்த நேரிடலாம். 115 எச்பிக்கு மேல் கேபிள் ஸ்டீயரிங் கையை இழுக்கும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கேட்டு வாங்குங்கள். முழு வேகத்தில் 115 எச்பி பெட்ரோல் இஞ்சின் மணிக்கு 40 லிட்டரை ஒட்டிக் குடிக்கும். நிமிடத்துக்கு நான்காயிரம் சுற்றுக்குக் கீழே ஓட்டினால் அதில் பாதிகூட ஆகாது.

புரொப்பெல்லரின் பிட்ச் என்பது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம். இஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று, கியர் விகிதம் 2.07, பிட்ச் 13 அங்குலம் என்றால் ஏட்டுக் கணக்கில் மணிக்குச் சுமார் 53 கிலோமீட்டர் வரும். நீரில் வழுக்கல் இருப்பதால் பாண்டூனில் கிடைப்பது 40 முதல் 45. முழுச் சுமையோடு, த்ராட்டில் என்னும் வேகநெம்பை முழுதாகத் தள்ளியும் இஞ்சின் தன் பரிந்துரைச் சுற்றை எட்டாமல் நின்றால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். எட்டாமலேயே மாதக்கணக்கில் ஓட்டுவது இஞ்சினைத் தேய்க்கும்.

இந்தப் படகுகள் ஏரிக்காக உருவானவை. சிங்கப்பூரில் உபின் தீவை ஒட்டிய ஜோகூர் நீரிணையும், லாசரஸ், செயின்ட் ஜான்ஸ் தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீரும் இவற்றுக்கு ஏற்றவை. கப்பல் தடத்துக்குள் போவது சரியல்ல. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் ஃபெரி கடந்த பின்னால் வரும் அலையைக் கண்டு பதறி த்ராட்டிலைச் சட்டென மூடுவது பெரிய ஆபத்து. படகின் சொந்த அலையே பின்னாலிருந்து தூக்கும், முனை தாழும், வரும் அலை தளத்தின்மேல் ஏறிவிடும். முன்கூட்டியே மெதுவாக வேகத்தைக் குறைத்து, முன்னால் இருப்பவர்களைப் பின்னே வரச் சொல்லி, கொஞ்சம் த்ராட்டில் வைத்தபடியே அலையைச் சாய்வாக வெட்ட வேண்டும்.

பெரிய படகு காற்றுக்கும் பெரிய இலக்கு. கூரைத்துணியோடு பக்கவாட்டுப் பரப்பு பத்துச் சதுர மீட்டர் என்றால், மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று 60 கிலோ அளவுக்குத் தள்ளும். சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். 72 கிலோமீட்டரில் அதே படகின்மேல் விழும் விசை 240 கிலோவைத் தாண்டும். மேற்கு வானம் கறுத்ததும் முதல் வேலை கூரைத்துணியை மடக்குவது.

உப்புநீரில் அலுமினியத்தைக் காப்பாற்றுவது தனிப் பாடம். படகுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகத் துண்டுதான் ஆனோடு. ஏரிக்கான படகில் மெக்னீசியம் ஆனோடு இருக்கலாம். கடலுக்கு அலுமினியம் அல்லது துத்தநாக ஆனோடு வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். எவர்சில்வர் திருகு அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் காப்புப் பசை பூசியிருக்க வேண்டும். இல்லையென்றால் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு குழி விழும். 30 பாகையை ஒட்டிய நம் கடல்நீரில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர் சீக்கிரம் ஒட்டும். அதைத் தடுக்க மலிவான செப்பு ஆக்சைடு பெயின்ட்டை அடித்துவிடாதீர்கள். செம்பும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் மின்கலம்தான், கரைவது அலுமினியம். அலுமினியத்துக்கென்றே தயாரித்த பெயின்ட் கிடைக்கிறது. மரினாவில் கரை மின்சாரம் எடுத்தால் கால்வானிக் ஐசோலேட்டர் பொருத்துங்கள். இல்லாவிட்டால் எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு மின்தொடர்பு ஏற்பட்டு உங்கள் ஆனோடு கரையும். முடிந்தால் உலர்தளத்தில் ஏற்றி வைப்பதே மேல்.

பழைய படகாக இருந்தால் டியூபின் தடிமனைக் கேளுங்கள்: 2, 2.5, 3.2 மில்லிமீட்டர் என்று வரும். கடலுக்கு 2.5க்குக் குறைய வேண்டாம். டியூபுக்குள் தடுப்புகளால் பிரிந்த அறைகள் இருக்கும். மூன்றில் ஓர் அறை நிரம்பினாலே 600 கிலோவுக்கு மேல் தண்ணீர். படகைத் தூக்கி வைத்து, விரல் முட்டியால் டியூப் நெடுக அடிப்பக்கம் தட்டிக்கொண்டே போனால், காலி அறை கணீரென்றும் நீர் நின்ற இடம் மொத்தென்றும் ஒலிக்கும். சந்தேகம் வந்தால் காற்றை 2 அல்லது 3 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) மட்டும் ஏற்றி, வெல்டிங் கோட்டில் சோப்புநீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதிக அழுத்தம் தடுப்பையே பிய்த்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் சோதனை ஓட்டம் அவசியம். தனி ஆளாகப் போய்ப் பயனில்லை. வழக்கமாக ஏற்றும் அத்தனை பேரையும், அல்லது அதே எடைக்குத் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றுங்கள். நிற்கும்போது டியூபின் நடுக்கோடு எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகக் கட்டுப்பாடு இல்லாத நீரில் முழு த்ராட்டிலில் சுற்றையும் ஜிபிஎஸ் வேகத்தையும் குறித்து, உடனே திரும்பி எதிர்த்திசையிலும் அதையே செய்து சராசரி எடுக்க வேண்டும். நீரோட்டத்தோடு மட்டும் ஓட்டிக் காட்டினால் மணிக்கு நான்கு கிலோமீட்டர்கூடப் பொய்யாகக் கூடித் தெரியும். இரு பக்கமும் வேகமாகத் திருப்பி, புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சுகிறதா என்று கேளுங்கள். ஓட்டுபவரிடம் விசைப்படகு ஓட்டுநர் உரிமமும், படகுக்குச் சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமமும் இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் இஞ்சினுக்குள் பத்து நிமிடம் நன்னீர் ஓடவிட்டு, முன்பு படம் எடுத்த அதே இடத்தில் நடுக்கோட்டை மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அந்த டியூபில் எங்கோ கசிவு.