கீறலுக்கும் கட்டணம்: குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் கேட்கவேண்டிய கேள்வி

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் தன் கணவருடன் என்னைப் பார்க்க வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.) திருமணமாகிப் பல ஆண்டுகள், பக்கத்து லயத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளுக்குக்கூட அவர் போவதில்லை. தனியார் நிலையமொன்று கொடுத்த கட்டணத் தாளில், சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கான தொகைக்குக் கீழே, கருப்பையின் உட்சவ்வைக் கீறிவிடுவதற்கென்று இன்னொரு தொகை எழுதப்பட்டிருந்தது. கீறினால் கரு நன்றாக ஒட்டும் என்றார்களாம். தாலிக்கொடி ஏற்கெனவே அடகில் இருந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 2003இல் இஸ்ரேலில் இருந்து வெளியான ஆய்வொன்றில், கீறல் செய்யப்பட்ட 45 பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளை பெற்றனர்; செய்யப்படாதவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே பெற்றனர். ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், கீறும் வழக்கம் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. பின்னர் ஐந்து நாடுகளில் 1364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. உயிருடன் பிள்ளை பெற்றவர்கள், கீறிய பிரிவில் நூற்றுக்கு 26.1, கீறாத பிரிவிலும் 26.1.

இந்த எண்ணை அவர்களுக்கு இப்படி விளக்கினேன்: நூறு பேருக்கும் கீறிவிட்டால், எப்படியும் தாயாகியிருக்கக்கூடிய இருபத்தாறு பேரும் கீறலால்தான் பிள்ளை கிடைத்தது என்று மனதார நம்புவார்கள், வைத்தியரும் நம்புவார். எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் செய்யாதவர்களோடு ஒப்பிடாமல் உண்மை தெரிய வழியில்லை.

“பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கருச்சிதைவைத் தடுப்பதாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் மாத்திரையால் பலனில்லை என்று 1953இலேயே ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. ஆயினும் அதை எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை; கருவில் அதற்கு ஆளான பெண்பிள்ளைகளுக்கு அரிய வகை யோனிப் புற்றுநோய் வந்தது 1971இல் வெளிப்பட்டது.

1978இல் முதற் குழந்தையைத் தந்த சோதனைக்குழாய்ச் சிகிச்சையை நான் குறை கூறவில்லை. தேவையானவர்களை நானே அனுப்புகிறேன். அதனோடு ஒட்டவைக்கப்படும் ஆதாரமற்ற சேர்க்கைகளே என் கவலை. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு சேர்க்கையின் கட்டணமும் அடுத்த முயற்சிக்கான பணம்.

“அப்ப இந்தச் சல்லியக் கட்டாமலே இருக்கலாமா டொக்டர்?” என்று அந்தப் பெண் கேட்டார். கீறலுக்கான பணத்தைக் கட்டவேண்டாம் என்றேன். இனி வேறெதையும் சேர்க்கச் சொன்னால் கேட்பதற்காகத் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்: “குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்தார்களா? இரு பிரிவிலும் எத்தனை பிள்ளைகள் உயிருடன் பிறந்தன?” பதில் கிடைத்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம் என்றேன்.