கையில் செல்போன் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு

சாரம் சரிந்து விழுந்ததில் தொடை எலும்பு உடைந்து, ஒரு கட்டடத் தொழிலாளி எங்கள் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். அறுவைச் சிகிச்சைக்கான பணத்தை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கொடுத்துவிட்டது. அவர் மீண்டும் எழுந்து நடக்கும்வரை வீட்டு வாடகை, இயன்முறைச் சிகிச்சைக்கு வந்துபோகும் செலவு, மகளின் கல்லூரிக் கட்டணம் ஆகியவற்றுக்கு ஒரு நன்கொடையாளரிடம் கேட்டிருந்தோம். அவர் சென்ற வாரம் வார்டுக்கு நேரில் வந்தார். கட்டிலுக்கு அருகில் மகள் செல்போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, "ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார்களே மேடம், இவர்களையா ஏழை என்கிறீர்கள்?" என்று கேட்டார். உதவி அத்தோடு நின்றுபோனது.

தென் மாவட்டம் ஒன்றில், அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் நான் மருத்துவ சமூகப் பணியாளர். யாருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம், யாருக்கு நன்கொடை நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று பரிந்துரைப்பது என் வேலை. இதே கேள்வியை நன்கொடையாளர்கள் மட்டும் கேட்பதில்லை. பக்கத்துக் கட்டில்காரர் கேட்கிறார், கட்டணம் வாங்கும் இடத்தில் வரிசையில் நிற்பவர் கேட்கிறார், சில நேரங்களில் எங்கள் ஊழியர்களே கேட்கிறார்கள். பொறுத்துப் போக இனி என்னால் முடியாது.

அந்தச் செல்போனையே எடுத்துக்கொள்வோம். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது இரவில் மேஸ்திரி அழைக்கும்போதுதான் தெரியும். போனை எடுக்கவில்லை என்றால் மேஸ்திரி அடுத்த ஆளை அழைத்துவிடுவார். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போன் வேண்டும். ஆதாரில் ஒரு திருத்தம் செய்ய, வங்கியில் ஒரு விண்ணப்பம் கொடுக்க, பிள்ளையின் உதவித்தொகைக்குப் பதிவு செய்ய ஓடிபி வரும் எண் வேண்டும். 2020இல் பள்ளிகளை மூடி வகுப்புகளைச் செல்போனில் நடத்தியபோது, கூலி வேலையும் இல்லாத அந்த மாதங்களில், எத்தனையோ வீடுகளில் தவணைக்குப் போன் வாங்கினார்கள். நான் சொல்லும் இந்த வீட்டிலும் அப்படி வாங்கியதுதான். எங்கள் மருத்துவமனையே மறுபரிசோதனைத் தேதியைக் குறுஞ்செய்தியாகத்தான் அனுப்புகிறது. வேலைக்கும் படிப்புக்கும் சலுகைக்கும் சிகிச்சைக்கும் போன் கட்டாயம் என்று ஆக்கிவிட்டு, அதை வைத்திருப்பதையே குற்றச்சாட்டாக அவர்கள்மேல் வீசுவது என்ன நியாயம்?

சரி, விற்றுவிடச் சொல்வோம். பழைய போனுக்குக் கடையில் என்ன கொடுப்பார்கள்? ஒரு மாத வாடகைக்குக்கூடத் தேறாது. விற்ற மறுநாளே வேலைக்கு அழைக்க யாருக்கும் வழியில்லாமல் போய்விடும். போன் என்பது ஒரு தடவை செலவழித்து வாங்கிய பொருள். இந்தக் குடும்பத்துக்கு இல்லாமல் போயிருப்பது மாதம்தோறும் வந்துகொண்டிருந்த கூலி. முன்னதைப் பார்த்துப் பின்னதை எப்படி அளப்பீர்கள்?

தொலைக்காட்சிப் பெட்டியைக் காட்டுபவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டிலிருந்து வண்ணத் தொலைக்காட்சியையும், 2011ஆம் ஆண்டிலிருந்து மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் இந்த மாநில அரசே வீடுவீடாகக் கொடுத்தது. காரை வீடு கட்டிக்கொள்ளவும் அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. நான் வீடு பார்க்கப் போகும்போது சிமெண்ட் கூரைக்குக் கீழே மிக்சி இருக்கும், அரிசிப் பாத்திரத்தில் ரேஷன் அரிசியைத் தவிர வேறு எதுவும் இருக்காது. காதில் மின்னுகிற தோடு பெரும்பாலும் கவரிங். தங்கத் தோடு அடகுக் கடையில் இருக்கும், சீட்டு முந்தானையில் முடிந்திருக்கும். சீட்டைப் பாருங்கள், தோட்டைப் பார்க்காதீர்கள் என்று புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

உடை இன்னொன்று. மருத்துவமனைக்கு வரும்போது எல்லோரும் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பெரிய இடத்துக்குப் போகிறோம், மரியாதையாக நடத்த வேண்டுமே என்ற கவலை. 1776இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இதைச் சொல்லிவிட்டார்: லினன் சட்டை உயிர் வாழத் தேவையான பொருள் அல்ல, ஆனாலும் அது இல்லாமல் வெளியே வர அன்றைய ஐரோப்பாவில் ஒரு கூலித் தொழிலாளிகூட வெட்கப்படுவார், ஆகவே அதுவும் தேவைதான் என்று. கூனிக்குறுகாமல் நாலு பேர் முன்னால் நிற்க முடிவதும் மனிதருக்கு வேண்டும். அதைப் பறித்துவிட்டுத்தான் உதவி செய்வோம் என்றால், அந்த உதவி யாருக்காக?

இந்தப் பார்வை என்ன செய்கிறது தெரியுமா? என் அறைக்குள் வருவதற்கு முன் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரும்படி சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல செருப்பை வாசலுக்கு வெளியிலேயே மறைத்து வைக்கிறார்கள். உண்மையாகவே கஷ்டப்படுகிற மனிதரை, கஷ்டப்படுகிறவர்போல நடிக்கவும் வைக்கிறோம். நடிக்கத் தெரியாதவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள். பீடி சுற்றும் அம்மா ஒருவர், கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்தவர், இரவோடு இரவாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சலுகை கேட்டு வரிசையில் நின்றபோது பின்னால் இருந்த யாரோ "பட்டுச் சேலை கட்டிக்கொண்டு இலவசத்துக்கு நிற்கிறார்கள்" என்று சொன்னார்களாம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த செயற்கைப் பட்டு அது. மறுநாள் நான் தொலைபேசியில் எவ்வளவோ கெஞ்சியும் அவர் திரும்பி வரவில்லை.

அப்படியென்றால் ஏழை என்பவர் யார் என்று கேட்பீர்கள். அரசுக்கே ஒரே கோடு கிடையாது. 2011இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசின் திட்டக்குழு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின்படி, ஒரு நாளைக்கு நகரத்தில் 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவழிக்க முடிந்தவர் வறுமைக் கோட்டுக்கு மேலே. நாடே கொந்தளித்தது. 2014இல், வறுமைக் கோட்டை மறுபடி கணக்கிட அமைத்த ரங்கராஜன் குழு அதை நகரத்துக்கு 47, கிராமத்துக்கு 32 என்று உயர்த்தியது. 2019இல் அரசியல் சட்டத்தின் 103ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்து சதவீத இடஒதுக்கீட்டிலோ, ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பம் பொருளாதாரத்தில் நலிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது குடும்பத்துக்கே மாதம் பத்தாயிரம். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரவுக் காவலாளி மாதம் 13,000 வாங்கினால் அவர் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். மனைவிக்குப் புற்றுநோய் என்றால் இரண்டே மாதத்தில் அவர் கடனாளி.

ஒன்றிய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் கணக்கில் தமிழ்நாட்டில் வறுமை 2.2 சதவீதம்தான், இங்கே ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்று படித்தவர்களே என்னிடம் வாதம் செய்கிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வை வைத்துப் போட்ட பல்பரிமாண வறுமைக் குறியீடு அது. ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, குடிநீர், சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 அளவுகோல்களை வைத்துப் போடுவது. அவற்றில் தமிழ்நாடு முன்னேறியிருப்பது உண்மை, பெருமைப்பட வேண்டியதும்கூட. ஆனால் அந்தப் பன்னிரண்டில் வருமானமும் இல்லை, கடனும் இல்லை. கழிப்பறையும் மின்சாரமும் இருக்கிற வீட்டில் மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல் ஒரு பெண் தவிப்பதை அது கேட்காது. கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க, வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் போன் ஒலிப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அழைப்பது தவணை வசூல் செய்பவர். அந்தப் போனைத்தான் நீங்கள் வசதி என்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது வேறு. வீட்டில் சம்பாதிப்பவர் எத்தனை பேர், அவரை நம்பிச் சாப்பிடுபவர் எத்தனை பேர்? படுத்திருப்பவர்தான் சம்பாதிப்பவரா? அவருக்குத் துணையாக இருப்பவரும் வேலைக்குப் போகாமல் இருக்கிறாரா? எதை அடகு வைத்திருக்கிறார்கள், எந்த வட்டிக்கு? சென்ற மாதம் எத்தனை நாள் கூலி கிடைத்தது? "மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளியிடம் மே மாதத்தில் கேட்டால் ஒரு பதில் வரும், வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும் நவம்பரில் கேட்டால் பதிலே வராது. இரண்டும் உண்மை. வெளி நோயாளிச் சீட்டில் வருமானம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுத முடிகிறது.

ஏமாற்றுபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். எங்களிடமும் வந்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது வீட்டுக்குப் போய், ரேஷன் கடையிலும் பக்கத்து வீட்டிலும் விசாரித்து, சீட்டுகளைச் சரிபார்த்துத்தான். ஏமாற்ற வருகிறவருக்குப் போனை வீட்டில் வைத்துவிட்டு வரத் தெரியும். உங்கள் கண்ணில் படுவது ஒளித்து வைக்கத் தெரியாதவரின் போன்.

உதவ நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பணத்தை நோயாளியின் பெயரில் மருத்துவமனைக் கணக்கிலோ கல்லூரிக் கட்டணமாகவோ நேரடியாகக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் எங்களிடம் கேளுங்கள், விசாரித்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. வார்டுக்குள் வந்து நோயாளியிடம் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். காசோலையை நோயாளியின் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுக்காதீர்கள். அழும் தாயைக் காணொளி எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பாதீர்கள். அவருடைய பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். இலவசப் பேருந்தில் ஏறும் பெண்ணையோ, ரேஷன் பொருளுக்கு இருசக்கர வாகனத்தில் வருபவரையோ பார்த்து வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள். அந்த வண்டியின் தவணையைக் கட்டத்தான் அவர் ஒருவேளை இரண்டு வேலை பார்க்கிறார்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், தெருவைப் பெருக்கும் அம்மாவிடம், வாசலில் நிற்கும் காவலாளி அண்ணனிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். நெஞ்சு வலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிற திட்டம் இது. குடும்ப அட்டை, குடும்பத்தினரின் ஆதார், வருவாய்த் துறை தரும் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் வேலையை விட வேண்டும், அந்த நாளின் கூலி போய்விடும் என்பதால்தான் பலர் போவதே இல்லை. அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்காமல் விடுப்பு கொடுங்கள். விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாவிட்டால் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அட்டை வந்ததும் அதைத் தொலைக்காமல் இருக்க, அவருடைய செல்போனிலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.