கோடை பண்பலை மதுரைக்கு வந்து சேரும் வழி

கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் கோடை பண்பலை வானொலி மதுரையில் கரகரவென்று கேட்டால் பலரும் முதலில் தேடிப் போவது பூஸ்டரை, அதாவது அலையைப் பெருக்கும் பெட்டியை. பணத்தை எடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மதுரை ஏறக்குறைய 130 மீட்டரில். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 77 கிலோமீட்டர். 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் திறனோடு கிளம்பும் அலை, வழியில் எதுவும் மறிக்காவிட்டால், மதுரைக்கு வரும்போது மீட்டருக்கு 9 மில்லிவோல்ட் அளவு வலுவோடு இருக்கும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஸ்டீரியோ ஒலி தெளிவாகக் கிடைக்க கிராமத்தில் அரை மில்லிவோல்ட், நகரத்தில் 2, பெருநகரத்தில் 5 இருந்தால் போதும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆக, மொட்டை மாடி வரைக்கும் அலை தாராளமாகவே வந்துவிடுகிறது. மாடியிலிருந்து ரேடியோவுக்குள் போவதற்குள்தான் அதைத் தொலைத்துவிடுகிறோம்.

மலை எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். மத்திய அலை தரையை ஒட்டியே தவழ்ந்து போகும். பண்பலை கிட்டத்தட்ட ஒளி மாதிரி; நேராகவே போகும். காற்றின் அடர்த்தி மேலே போகப் போகக் குறைவதால் மட்டும் கொஞ்சம் கீழ்நோக்கி வளையும். அந்த வளைவையும் சேர்த்துக்கொண்டால் அடிவானத் தூரத்துக்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை. சமவெளிக்கு மேல் 2,000 மீட்டர் என்றால் 184 கிலோமீட்டர். திருச்சி 145 கிலோமீட்டர்தான், உள்ளேயே அடங்கிவிடுகிறது. அதே கருவியை மதுரையில் 100 மீட்டர் கோபுரத்தில் வைத்திருந்தால் 41 கிலோமீட்டர். விருதுநகரைத் தாண்டியதும் அலை வேகமாக மெலியத் தொடங்கும்.

ஆனால் மதுரையிலிருந்து பார்த்தால் அந்த உயரம் அவ்வளவாகத் தெரியாது. பூமியின் வளைவையும் கழித்தால் கொடைக்கானல் நமக்கு அடிவானத்திலிருந்து 1.2 டிகிரி மேலேதான் இருக்கிறது. கையை நீட்டிச் சுண்டு விரலைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் ஆன்டெனாவைவிட 10 மீட்டர் உயரமான கட்டடம் அந்தத் திசையில் 480 மீட்டருக்குள் எழும்பினால் பார்வைக்கோடு மறைந்துவிடும். நேற்று வரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த தெருவில் புது அடுக்குமாடி வந்ததும் இரைச்சல் தொடங்குவது இதனால்தான். 100 மீட்டர் கூடுதல் உயரமுள்ள குன்று என்றால் 4.7 கிலோமீட்டருக்குள் இருந்தாலே மறைக்கும். நாகமலையின் கிழக்கு அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆறுதல் உண்டு: அலையின் நீளம் 3 மீட்டர். அந்த நீளமுள்ள அலை குன்றின் முகட்டில் பட்டு வளைந்து இறங்கும். அதனால் நிழலில் சத்தம் மெலியுமே தவிர அடியோடு அற்றுப் போகாது.

பக்கத்தில் இருந்தால் நன்றாகக் கேட்கும் என்பதும் எப்போதும் சரியல்ல. பெரியகுளம் கொடைக்கானலிலிருந்து 14 கிலோமீட்டர்தான். ஆனால் மலை அங்கே தலைக்கு மேல் 7 டிகிரிக்கும் அதிகமாக நிமிர்ந்து நிற்கிறது. தூரத்தை எட்ட வேண்டும் என்று ஒலிபரப்பு ஆன்டெனாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அலையை அடிவானத்தை நோக்கிக் குவிப்பது வழக்கம். அப்படிக் குவித்தால் சரிந்து கீழே போகும் பங்கு குறையும். சரிவின் விளிம்பும் சேர்ந்து மறைத்தால், மலையடியில் சில இடங்கள் மேலூரைவிடத் திண்டாடலாம்.

சரி, உங்கள் வீட்டில் என்ன கோளாறு என்று காதை வைத்தே கண்டுபிடிக்கலாம். செலவில்லாத சோதனை இது; எதை வாங்குவதானாலும் இதற்குப் பிறகுதான்.

மழை பெய்வது போல ஒரே சீரான 'ஸ்ஸ்' என்றால் அலை போதவில்லை. உடனே ரேடியோவை மோனோவுக்கு, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி தரும் முறைக்கு, மாற்றிப் பாருங்கள். ஸ்டீரியோவில் இடது வலது காதுகளின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றித் தனியாக ஏற்றி அனுப்பப்படுகிறது. அது இருக்கிறது என்று சொல்ல 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி ஒலியும் கூடவே வரும். பண்பலையில் அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறும். அதனால் அந்த மேல்பகுதியைப் பிரித்தெடுக்கும்போது இரைச்சல் 20 டெசிபெல் வரைக்கும் கூடுகிறது, அதாவது மின்னழுத்தத்தில் 10 மடங்கு. மோனோவில் அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. பேச்சும் பழைய பாட்டும் கேட்பவருக்கு இதுவே முழுத் தீர்வாக அமைந்துவிடும்.

'ர்ர்ர்' என்று உறுமினால் அது வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. எல்இடி விளக்கு, மலிவான செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே உள்ளே வேகமாக மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. வடிகட்டி சரியில்லாதவை பண்பலை அலைவரிசை வரைக்கும் இரைச்சலைத் துப்பும். ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு மெயினை அணையுங்கள். உறுமல் நின்றால், ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம்.

சத்தம் போதுமான அளவு இருந்தும் 'ஸ', 'ஷ' வரும் இடங்களிலும் வயலின் உச்சத்துக்குப் போகும்போதும் ஒலி பிய்ந்தால் அது எதிரொலி. மதுரைக்குக் கொடைக்கானல் வடமேற்கே, யானைமலை வடகிழக்கே. ஒற்றைப் பாறையாகக் கிடக்கும் அந்த மலை வருகிற அலையைத் திருப்பி அடிக்கும். மலைக்கு 3 கிலோமீட்டர் முன்னால் இருக்கும் வீட்டுக்கு அதே நிகழ்ச்சி இரண்டு முறை வந்து சேரும்: ஒன்று நேராக, இன்னொன்று 6 கிலோமீட்டர் வரை சுற்றி, 20 மைக்ரோவினாடி தாமதமாக. பண்பலைக்கு இந்தத் தாமதம் விஷம். சென்னையில் தூர்தர்ஷன் கொண்டுவந்த டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் தரைவழி டிவி முறைக்கு இது ஒரு பொருட்டே அல்ல என்பது வியப்பான விஷயம். அதில் செய்தியை ஆயிரக்கணக்கான மெதுவான துணை அலைகளில் பிரித்து வைக்கிறார்கள்.  ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் முன் 28 மைக்ரோவினாடி காவல் இடைவெளியாக விட்டால்கூட யானைமலையின் எதிரொலி அதற்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே குறை வேறு: அலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் கரகரப்பு எதுவும் முன்கூட்டிச் சொல்லாது, படம் சட்டென்று கட்டமாக உடைந்து நின்றுவிடும். பண்பலை மெல்ல மெல்லச் சாகும். அதனால்தான் அதைச் சரிசெய்ய நமக்கு வாய்ப்பு கிடைக்கிறது.

இனி ஆன்டெனா. வீட்டுக்குள் கான்கிரீட்டும் கம்பியும் ஜன்னல் கிரில்லும் சேர்ந்து அலையில் 10 முதல் 20 டெசிபெல் வரைக்கும் விழுங்கிவிடும். டைபோல் என்பது ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு கம்பி ஆன்டெனா; சாதாரணமான ஒன்றை மாடிக்கு ஏற்றினாலே அவ்வளவும் திரும்பக் கிடைக்கும். 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் 149 சென்டிமீட்டர். கம்பியில் 5 சதவீதம் குறைத்து 142. ஆக, இரண்டு பக்கமும் 71 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒவ்வொரு அலுமினியக் குழாய், நடுவே 1 சென்டிமீட்டர் இடைவெளி.

புதுக் குழாய் வாங்கக்கூட வேண்டியதில்லை. தூர்தர்ஷன் பார்க்க ஒரு காலத்தில் கொடைக்கானலை நோக்கி நட்ட டிவி ஆன்டெனா பல மாடிகளில் இன்னும் துருப்பிடித்த பைப்பில் சாய்ந்து கிடக்கிறது. அதன் கம்பிகளை அளந்து பாருங்கள். 65 முதல் 85 சென்டிமீட்டர் வரை இருந்தால் அது 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கானது. அப்படியே பண்பலைக்கு மாட்டினால் சரியாக வேலை செய்யாது. ஆனால் 200 மெகாஹெர்ட்ஸில் அரை அலையாக இருப்பது 100 மெகாஹெர்ட்ஸில் கால் அலை. நமக்கு வேண்டிய ஒரு கை அதுவேதான்! 71 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள இரண்டு கம்பிகளைக் கழற்றி வெட்டி, பிவிசி குழாயின் இரு பக்கமும் இறுக்கினால் டைபோல் தயார்.

நேரான டைபோலின் மின்மறுப்பு, அதாவது மாறுமின்சாரத்துக்கு அது காட்டும் தடை, சுமார் 73 ஓம். கேபிள் டிவிக்காரர்கள் போடும் ஆர்ஜி-6 ஒயர் 75 ஓம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இடையில் எந்தப் பெட்டியும் வேண்டாம். ஒயரின் நடுக் கம்பியை டைபோலின் ஒரு பக்கக் குழாயிலும் வெளிவலையை மறு பக்கக் குழாயிலும் கொடுங்கள். பல ஆர்ஜி-6 ஒயர்களில் வெளிவலை அலுமினியம், ஈயப் பற்று ஒட்டாது. லக் எனும் முனைத் தகடு வைத்து எஃகுத் திருகால் இறுக்க வேண்டும். இணைப்புக்குச் சற்றுக் கீழே ஒயரை 15 சென்டிமீட்டர் வட்டமாக ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒயரின் வெளிவலையே ஆன்டெனாவாக மாறி, வீட்டுக்குள்ளிருக்கும் சார்ஜர் இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். ஒயர் 20 மீட்டர் போனாலும் இழப்பு ஒன்றரை டெசிபெலுக்குள்தான். கீழே ரேடியோவில் ஆன்டெனா துளை இல்லையென்றால் நடுக் கம்பியை இழுப்புக் குச்சியில் கிளிப் போட்டு, வெளிவலையைப் பேட்டரியின் மைனஸ் முனையில் சேர்த்துவிடலாம்.

திசை முக்கியம். மதுரையிலிருந்து கொடைக்கானல் 296 டிகிரி; நேர் மேற்கிலிருந்து 26 டிகிரி வடக்கே. திருமங்கலத்தில் 310, உசிலம்பட்டியில் 311, வாடிப்பட்டியில் 288, மேலூரில் 283. செல்போன் திசைகாட்டியே போதும், இரண்டு மூன்று டிகிரி பிசகினால் ஒன்றும் கெட்டுவிடாது. கம்பியின் முனை கொடைக்கானலைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டுத்தான் பார்க்க வேண்டும். படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துக் கேட்டு, இரைச்சல் குறைந்த பக்கமே நிறுத்திக்கொள்ளுங்கள்.

யானைமலைப் பக்கத்து வீடுகளுக்கு டைபோல் போதாது. முன்னும் பின்னும் அது ஒரே மாதிரி கேட்கும். அங்கே கொடைக்கானல் பக்கம் மட்டும் கூர்ந்து கேட்கும் யாகி என்ற மூன்று கம்பி ஆன்டெனா வேண்டும்: பின்னால் 150 சென்டிமீட்டர் கம்பி, 60 சென்டிமீட்டர் முன்னால் 141 சென்டிமீட்டருக்கு மடித்த (முனைகளை வளைத்து நீள வளையமாக்கிய) டைபோல், அதற்கு 45 சென்டிமீட்டர் முன்னால் 133 சென்டிமீட்டர் கம்பி. மூன்றும் மரச்சட்டத்திலோ பிவிசியிலோ நிற்கட்டும். நேரான டைபோலாக வைத்தால் அண்டைக் கம்பிகளால் மின்மறுப்பு 25 ஓம் வரைக்கும் இறங்கும். மடித்தால் நான்கு மடங்காகி ஆர்ஜி-6க்கு ஓரளவு ஒத்துவரும்.

பூஸ்டரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: மதுரை நகருக்குள் போடாதீர்கள். உள்ளூர் நிலையங்களின் அலை பல மடங்கு வலுவானது. பூஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கித் திக்குமுக்காடும். இரண்டு வலுவான நிலையங்கள் அதற்குள் கலந்து, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் போலி நிலையத்தை உண்டாக்கும். அந்தப் போலி 100.5 மேலேயே விழுந்தால் கோடை பண்பலை போய்விட்டது என்று அர்த்தம்.

மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். செம்பும் அலுமினியமும் நேராகத் தொடும் இடத்தில் நீர் பட்டால் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும், சத்தம் காற்றடிக்கும்போதெல்லாம் விட்டுவிட்டு வரும். சுரண்டி, ஈயம் பூசிய லக் மாற்றி, எம்-சீல் வைத்து மூடுங்கள். ஒயரின் முனையை வெட்டிப் பார்த்து வெளிவலை கறுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, அந்த ஒயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒயர் சுவருக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இரும்புப் பைப்பைத் தடித்த கம்பியால் எர்த்தோடு சேருங்கள். சித்திரை, ஐப்பசி இடிமழைக்கு முன் ஒயரை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.